யாருடைய வகுப்பறை?

இணையவழிக் கற்பித்தல் என்னும் பிரதியை வாசித்தல்

ஒரு பிரதியை வாசிக்கும்போது அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது ஒரு வேலை. அது யாரிடம் பேசுகிறது, எதிரே யார் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறது என்று பார்ப்பது இன்னொரு வேலை. நாவலையும் கவிதையையும் நாம் இப்படித்தான் வாசித்து வருகிறோம். ஒரு கதை ‘நாம்’ என்று சொன்னால், அந்த நாமுக்குள் சேரி இருக்கிறதா, மலை இருக்கிறதா என்று கேட்கத் தலித் விமர்சனம் கற்றுக்கொடுத்திருக்கிறது. அரசு வெளியிடுகிற வழிகாட்டு நெறிமுறைகளையும் அதே கண்ணோடு வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. கவிதையை வாசிக்காதவர் தப்பித்துக்கொள்ளலாம். நெறிமுறையை வாசிக்காதவர் தலைமேலும் அது வந்து விழும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்ட பிறகு ஒரு புதிய இலக்கிய வகை பிறந்தது. ‘ஆன்லைனில் திறம்பட வகுப்பெடுப்பது எப்படி?’ என்பது அதன் பொதுத் தலைப்பு. அமைச்சகங்கள் எழுதின, பல்கலைக்கழகங்கள் எழுதின, கம்பெனிகள் எழுதின. அவற்றில் முக்கியமானது 2020 ஜூலை 14 அன்று ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ‘பிரக்யாதா’. எட்டு ஆங்கில எழுத்துகளைக் கோத்து எட்டுப் படிகளை அது சொல்கிறது. திட்டமிடு, பரிசீலி, ஏற்பாடு செய், வழிகாட்டு, பேசு, பணி கொடு, கண்காணி, பாராட்டு. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு அமர்வுக்கு மேல் கூடாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு அமர்வுக்கு மேல் கூடாது. பிள்ளையின் கண்ணுக்கும் கழுத்துக்கும் கேடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். சாதனம் இல்லாத வீடுகளும் உண்டு என்பதை அந்தப் பிரதி ஒத்துக்கொள்ளவும் செய்கிறது. ஆனால் ஒரு பிரதியின் கவலை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அதன் மனசில் இருக்கிற பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். பிரக்யாதாவின் பெரிய கவலை, பிள்ளை ஸ்கிரீனை அதிக நேரம் பார்த்துவிடுமோ என்பது. தனி அறை, தனி மேசை, தனி லேப்டாப் உள்ள வீட்டின் கவலை அது. எங்க பக்கத்துப் பிள்ளைக்கு ஸ்கிரீனே கிடையாது. சாப்பாடே இல்லாதவனிடம் அஜீரணத்துக்கு மருந்து சொல்வதுபோல இருக்கிறது.

எட்டுப் படிகளிலும் ஒரு சொல் இல்லை. ‘தேடிப் போ’ என்ற சொல்தான் அது. வகுப்புக்கு வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று தேடிப் போகிற வாத்தியார் இந்தப் பிரதிக்குள் இல்லை.

1

இந்தப் பிரதிகள் எழுதப்படும்போது அரசின் கையில் கணக்கு இல்லாமல் இல்லை. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, நாட்டின் கிராமப்புற வீடுகளில் 14.9 சதவீதத்தில்தான் இணைய வசதி இருக்கிறது என்றது. கணினி உள்ளவை 4.4 சதவீதம். இது எல்லாச் சாதியையும் சேர்த்த கணக்கு. இதைத் தெரிந்துகொண்டேதான் ‘இனி வகுப்பறை உங்கள் வீட்டில்’ என்று அறிவித்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? 2021 ஆகஸ்டில் ஜான் ட்ரேஸ், ரீதிகா கேரா முதலியோர் ஒருங்கிணைத்து, 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வசதி குறைந்த குடியிருப்புகளுக்குப் போய் எடுத்த கணக்கு அது. கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். எதையுமே படிக்காதவர்கள் 37 சதவீதம். அதிலும் சாதி பார்த்துப் பிரித்தால், தலித், பழங்குடிப் பிள்ளைகளில் 4 சதவீதம், மற்றவர்களில் 15 சதவீதம். ஒரே கிராமம், ஒரே பாடநூல், ஒரே அரசு. ஆனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஸ்மார்ட்போன் இருக்கிற வீட்டிலும் பெரும்பாலான பிள்ளைகள் ஒழுங்காக ஆன்லைனில் படிக்கவில்லை. போன் வேலைக்குப் போகிற ஆளோடு போய்விடுகிறது என்பது ஒரு முக்கியக் காரணம். இதற்கு ஆய்வே தேவையில்லை, கள்ளக்குறிச்சிப் பக்கம் எந்தச் சேரியிலும் போய் நின்றால் தெரியும். கரும்பு வெட்டப் போகிற அப்பா, மரவள்ளி பிடுங்கப் போகிற அண்ணன் கையில் போன் போகிறது. மேஸ்திரி கூப்பிடுவது அதில்தான், கூலி வருவதும் அதில்தான். அது வீடு திரும்ப ராத்திரி ஏழு ஆகும். காலை பத்து மணிக்கு ‘லைவ் கிளாஸ்’ என்று ஒரு வாத்தியார் நேரம் குறிக்கிறபோது, தெரிந்தோ தெரியாமலோ கூலிக்காரன் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுத்தான் குறிக்கிறார்.

வெளியே நிறுத்துவது நமக்குப் புதிதில்லை. அம்பேத்கர் பள்ளியில் மற்ற பிள்ளைகளிடமிருந்து தள்ளி, வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் உட்கார்ந்தார். அந்தச் சாக்கைப் பள்ளியைப் பெருக்குகிற ஆளும் தொடமாட்டார். அங்கே விலக்கியவர் யார், எங்கே விலக்கினார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் அதை எதிர்த்துப் பேச முடிந்தது. ஆன்லைன் வகுப்பில் யாரும் யாரையும் விலக்குவதில்லை. ‘கனெக்ட் ஆகல’ என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். குற்றவாளி யார் என்று கேட்டால் டவரைக் காட்டுவார்கள். டவரை எங்கே நடுவது, எங்கே நட வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களை யாரும் காட்டுவதில்லை.

2

கல்வராயன் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்தோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை, தமிழ் பேசுகிற மலைவாசிகள். 1976வரை இங்கே ஜாகிர்தார்கள் ஆட்சி. நாடு விடுதலை அடைந்து 29 வருஷம் கழித்துத்தான் மலை அரசின் கைக்கு வந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பழைய தென்னாற்காட்டில் ஒரு மூலை, பிறகு விழுப்புரத்தில் ஒரு மூலை, இப்போது சொந்த மாவட்டத்திலும் ஒரு மூலை.

அரசின் கண்ணுக்கு இந்த மலை எப்போது தெரிகிறது? சாராயம் என்றால் தெரிகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கூலிக்காரர்கள், பலர் தலித்துகள். அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலையில் சாலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, பஸ் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அத்தனை சாவு விழுந்த பிறகுதான் சாலையைப் பற்றிப் பேச ஆள் வந்தது. அப்படிப்பட்ட மலையில் 2020இல் ‘லிங்க் அனுப்பியிருக்கிறோம், ஜாயின் பண்ணுங்க’ என்றால் எப்படி இருக்கும்?

மலைப் பிள்ளைக்குப் பள்ளி என்பது பாடம் மட்டும் இல்லை. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்ற பெயரிலேயே ‘உண்டு’ என்ற சொல் முதலில் வருகிறது. ‘உறைவிடம்’ அதற்கு அடுத்தது. சமவெளியில் ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் இதே நியாயம்தான். மூன்று வேளைச் சோறு, ஒரு மின்விளக்கு, வேலைக்குக் கூப்பிடாத நான்கு மணி நேரம் என்று இவை மூன்றும் சேர்ந்ததுதான் எங்க வகுப்பறை. விடுதியை மூடிவிட்டு லிங்க் அனுப்பியவர்கள் பாடத்தை மட்டும்தான் இடம் மாற்றினார்கள். சோறும் விளக்கும் நேரமும் இடம் மாறவில்லை, நின்றுபோயின. மலையிலிருந்து கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போகிற பெற்றோரோடு பிள்ளையும் சேர்ந்து போனால், அந்தப் பிள்ளையை எந்த ‘அட்டெண்டன்ஸ்’ கண்டுபிடிக்கும்?

நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கம் மலையடிவாரப் பிள்ளைகள் சிக்னலுக்காக ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்து படித்த படம் 2021இல் பத்திரிகைகளில் வந்தது. பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். ‘என்ன ஆர்வம் பாருங்கள்’ என்றார்கள். எனக்கு அந்த நெகிழ்ச்சி பிடிக்கவில்லை. மரத்தில் ஏறுகிற பிள்ளையைப் புகழ்கிற வாய், மரத்தில் ஏற வைத்தவனைக் கேள்வி கேட்காது. வறுமையை அழகாகக் காட்டுகிற கதைகளை நாம் விமர்சிக்கிறோமே, அந்த வரிசையில்தான் இந்தப் படத்தையும் வைக்க வேண்டும்.

மரத்தில் ஏறமுடியாத பிள்ளைகளும் இருந்தார்கள். 2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் விக்டர்ஸ் சேனல் வழியாக வகுப்புகள் தொடங்கின. அன்றைக்கே மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரியில் ஒன்பதாம் வகுப்புத் தலித் மாணவி ஒருத்தி இறந்துபோனாள். வீட்டு டி.வி. ரிப்பேர், ஸ்மார்ட்போன் இல்லை. அப்பா கூலி வேலை செய்கிறவர், ஊரடங்கில் வேலை இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான் டி.வி. இல்லாத பிள்ளைகளுக்குப் பொது இடங்களில் டி.வி. வைத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலை வேகமெடுத்தது. கல்வியில் பெயர் வாங்கிய மாநிலத்துக்கே இது முதலில் தோன்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

3

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன். பெயர் வேண்டாம். என் வகுப்பில் பாதிப்பேர் சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் வருகிறவர்கள், வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். அந்த இரண்டு வருஷமும் எங்களுக்கு வந்த கட்டளைகளில் முக்கியமானது, ‘மாணவர்கள் கேமராவை ஆன் செய்திருக்க வேண்டும்’ என்பது. திறம்படக் கற்பித்தலின் முதல் விதி போலவே அதைச் சொன்னார்கள். முகத்தைப் பார்த்தால்தான் கவனம் தெரியுமாம்.

கேமரா முகத்தை மட்டுமா காட்டுகிறது? பின்னால் இருக்கிற தார்ப்பாயைக் காட்டுகிறது. காலனி வீட்டின் ஒழுகிய சுவரைக் காட்டுகிறது. மாட்டிய படத்தில் அம்பேத்கர் இருந்தால் அதையும் காட்டுகிறது. வகுப்பறையில் எந்தத் தெரு என்று சொல்லாமல் காலம் தள்ளிய பிள்ளையின் வீட்டுக்குள் அறுபது ஜோடிக் கண்ணை ஒரே நேரத்தில் கூட்டிக்கொண்டு போகிற வேலை இது. மைக்கைத் திறந்தால் வீட்டுப் பேச்சு கேட்கும். அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். என் மாணவி ஒருத்தி போனில் சொன்னாள்: “சார், கிளாஸ் கேக்கறேன் சார். கேமரா மட்டும் வேணாம் சார். எங்க ஊட்ட அவுங்க பாக்கறது புடிக்கல.” அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் வகுப்பில் கேமரா யாருக்கும் கட்டாயமில்லை என்று ஆக்கினேன்.

தனியாருக்கு மட்டும் உரிய பொருளாக வீடு இருக்கிறவனுக்கு வகுப்பு வீட்டுக்கு வருவது வசதி. சாதியை மறைத்துக்கொள்ள வீட்டைவிட்டு வெளியே வந்தவனுக்கு வகுப்பு வீட்டுக்கு வருவது அம்பலம். இந்த வித்தியாசம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

4

அப்படியானால் தொலைவிலிருந்து கற்பிப்பதே கூடாது என்கிறாயா என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. தொலைவிலிருந்து கற்றவர்கள் நம்மில் நிறையப் பேர். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. பஸ் கண்டக்டர், சத்துணவு அமைப்பாளர், மில் தொழிலாளி என்று எத்தனை பேர் அதில் பட்டம் வாங்கினார்கள். அதன் குறைகளும் நமக்குத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு காகிதம் கொடுத்த காலமும் உண்டு. ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. புத்தகம் தபாலில் வீட்டுக்கு வந்தது, வந்தது வீட்டிலேயே தங்கியது. வேலை முடிந்து, ராத்திரி பத்து மணிக்கு, தன் நேரத்தில் திறந்து படிக்கலாம். காகிதத்துக்கு டேட்டா தீராது. சனி ஞாயிறு நேர்முக வகுப்பில் வாத்தியாரைப் பார்த்துச் சந்தேகம் கேட்கலாம்.

டி.வி. கதையும் இருக்கிறது. 2006இல் இலவசக் கலர் டி.வி. கொடுத்தபோது ‘ஏழைக்கு எதுக்கு டி.வி.?’ என்று நக்கலடித்தவர்கள் நிறைய. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2020இல் பள்ளி மூடிக் கிடந்தபோது டி.வி. உள்ள வீட்டுக்கு அதுதான் கரும்பலகை ஆனது. போன் இல்லாத எத்தனையோ வீட்டில் டி.வி. இருந்தது. இலவசம் என்று இகழப்பட்ட பொருள்தான் கடைசியில் கைகொடுத்தது. அதன் குறையும் தெளிவானது. டி.வி. பேசும், கேட்காது. “சார் புரியல” என்று அதனிடம் சொல்ல முடியாது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் வேண்டும். படித்த அப்பா அம்மா இருக்கிற வீட்டில் அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

இதற்கு வெளிநாட்டுச் சான்றும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் 2020 ஊரடங்கின்போது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2022இல் வெளியானது. ஒரு கூட்டத்துக்குக் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். இன்னொரு கூட்டத்துக்குக் குறுஞ்செய்தியோடு வாரம் ஒருமுறை ஆசிரியர் சுமார் இருபது நிமிஷம் போனில் பேசினார். ஸ்மார்ட்போன் இல்லை, சாதாரண பட்டன் போன்தான். பேச்சும் சேர்ந்த கூட்டத்துப் பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். செய்தி மட்டும் போன கூட்டத்தில் அப்படிச் சொல்லும்படியான பலன் இல்லை. விலை உயர்ந்த சாதனம் செய்யாததை ஒரு குரல் செய்தது. ‘நீ எங்கே சிக்கிக்கிட்ட, சொல்லு’ என்று கேட்கிற குரல்.

என் அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. லைவ் வகுப்பை நம்பாமல், பாடத்தை ஐந்தைந்து நிமிஷக் குரல் பதிவாகப் பிரித்து அனுப்பினேன். வீடியோவுக்குப் போகிற டேட்டாவில் அது சிறு துளி. ராத்திரி போன் வீட்டுக்கு வந்த பிறகு கேட்டார்கள். 2020 செப்டம்பரில் பஸ் ஓட ஆரம்பித்ததும் ஜெராக்ஸ் போட்ட பாடக் கட்டை மலைக்குப் போகிற பஸ்ஸில் கொடுத்துவிடுவேன். அங்கே ஒரு மாணவன் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரிசையாகப் போன் பேசுவேன். ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம். மலைப் பிள்ளைகள் மூன்று நாலு பேர் சிக்னல் கிடைக்கிற பாறை பக்கம் கூடி, ஒரே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். அதுதான் அந்த வருஷத்தில் நான் எடுத்த நல்ல வகுப்பு. ஒருவன் கேட்ட கேள்விக்கு இன்னொருவன் பதில் சொன்னான், நான் குறுக்கே போகவில்லை. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. யாரிடம் என்ன இருக்கிறது, எந்த நேரத்தில் இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பாடத்தைத் தயாரித்தேன், அவ்வளவே. கையேடுகள் பாடத்தைத் தயாரித்துவிட்டுப் பிறகு பிள்ளையைத் தேடுகின்றன.

5

ஸ்கிரீன் தோற்றதை அரசே ஒரு விதத்தில் ஒத்துக்கொண்டது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை தெருவிலேயே வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். 1990களின் அறிவொளி இயக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பிரக்யாதா விட்டுப்போன ‘தேடிப் போ’ என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் இரண்டு கேள்வி. படித்த ஏழைப் பெண்களின் உழைப்புக்கு ஒரு நாளைக்கு முப்பத்துச் சொச்சம் ரூபாய்தான் விலையா? ஊர்த்தெருத் தன்னார்வலர் சேரிக்கு வந்தாரா, சேரிப்பெண் தன்னார்வலராக இருக்கிற மையத்துக்கு ஊர்ப்பிள்ளைகள் வந்தார்களா? இல்லம் தேடிப் போகிற கல்வி எந்த இல்லத்து வாசலில் நின்றுவிடுகிறது என்பதையும் கணக்கெடுக்க வேண்டும்.

கொரோனா முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்றால், அந்த வகுப்பறை மூடப்படவில்லை என்பதால்தான். 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வரைவுக் குறிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்பது அதன் சாரம். நோய்க்குக் கொடுத்த மருந்தைத் தினசரிச் சாப்பாடாக்குகிற யோசனை இது. 40 சதவீதம் ஆன்லைன் என்றால் 40 சதவீத வாத்தியார் வேலை யாருக்கு வேண்டாம் என்று அர்த்தம்? அந்த வேலைகளில் இடஒதுக்கீடு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஒரு ஸ்கிரீனுக்கு இனச்சுழற்சி கிடையாது. நாளைக்கு மலைப்பள்ளிக்கு வாத்தியார் போகத் தயங்கினால் ‘ஸ்கிரீன் அனுப்பியாச்சே’ என்று சொல்லப் பதில் தயாராக இருக்கும்.

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. அதை நாம் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் நமக்கு இணையமும் வேண்டும், வாத்தியாரும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்குகிற பேரத்துக்கு நாம் ஆள் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். ஆன்லைனில் பாடம் நடத்தும் முன் எந்தப் பிள்ளையிடம் என்ன சாதனம், எந்த நேரத்தில் இருக்கிறது என்ற கணக்கைப் பள்ளியும் கல்லூரியும் எடுத்து, சாதிவாரியாக வெளியிட வேண்டும். நேரலை வகுப்புக்கு வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் வைக்கக் கூடாது. கேமராவைக் கட்டாயமாக்கக் கூடாது. எந்த இணையப் பாடமும் அச்சில் பிள்ளையின் கைக்குப் போக வேண்டும். வாரம் ஒருமுறை வாத்தியாரின் குரல் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேட்க வேண்டும், அதை வாத்தியாரின் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். எந்தப் பேரிடரிலும் கடைசியாக மூடப்படுவதும் முதலில் திறக்கப்படுவதும் விடுதிகளாகவும் உண்டு உறைவிடப் பள்ளிகளாகவும் இருக்க வேண்டும்.

கற்பி என்று அம்பேத்கர் சொன்னதோடு ஒன்றுசேர் என்றும் சொன்னார். தனித்தனிப் பெட்டிக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறவர்கள் எப்படி ஒன்றுசேர்வது? வகுப்பறையில் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறவனிடமிருந்து சோற்றையும் நோட்டையும் மட்டும் நாம் பகிர்ந்துகொள்ளவில்லை. கோபத்தையும் பகிர்ந்துகொண்டோம். விடுதி வராந்தாவில் ராத்திரி பேசிய பேச்சிலிருந்துதான் எத்தனையோ பேர் இயக்கத்துக்கு வந்தார்கள். அந்த வராந்தாவுக்கு லிங்க் கிடையாது. இதைப் பற்றி வாத்தியார்களும் மாணவர்களும் எழுத வேண்டும். உங்கள் ஊரில் அந்த இரண்டு வருஷம் என்ன நடந்தது என்பதை நீங்கள் எழுதாவிட்டால், கையேடு எழுதியவர்கள்தான் அதையும் எழுதுவார்கள்.